வார்சாவின் பியானோ கலைஞர் ஷ்பில்மன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலந்துத் தலைநகர் வார்சாவில் ஒளிந்து பிழைத்த யூதப் பியானோ கலைஞர் ஷ்பில்மன் எழுதிய நினைவுக்குறிப்பை வைத்து எடுத்தது, 2002-ல் வந்த ‘தி பியானிஸ்ட்’. அதைப் பார்க்காத சினிமா ரசிகர் குறைவு. எங்கள் வீட்டில் டிவிடி வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். படம் முடிந்ததும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி: “அந்தத் தகர டப்பாவைக் கடைசியில் திறந்தானா இல்லையா?” (படத்தில் பசியில் அலையும் ஷ்பில்மன் திறக்க வழியில்லாமல் வைத்திருக்கும் டப்பா அது.) அதற்குப் பிறகு இந்த மனிதரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். படத்தைப் பார்க்காதவர்களும் படிக்கலாம்.

யார் இந்த ஷ்பில்மன்?

விளாடிஸ்வாவ் ஷ்பில்மன். 1911 டிசம்பர் 5-ம் தேதி போலந்தின் சோஸ்னோவியெட்ஸ் நகரில் பிறந்த யூதர். அப்பா வயலின் கலைஞர். வார்சாவில் பியானோ படித்தார். பிறகு பெர்லினுக்குப் போய் ஆர்தர் ஷ்னாபெலிடமும் லியோனிட் க்ரூட்சரிடமும் பியானோ, ஃப்ரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையமைப்பு என்று மேற்படிப்பு. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஊர் திரும்பிவிட்டார்.

1935-லிருந்து போலந்து வானொலியில் வேலை. நம் ஆகாசவாணி பாஷையில் சொன்னால் நிலைய வித்வான். தனிக் கச்சேரி, பக்கவாத்தியம், மெல்லிசை என்று கேட்டதையெல்லாம் வாசிக்கிற ஆள். வயலின் கலைஞர் பிரோனிஸ்வாவ் கிம்பெலோடு ஜோடி சேர்ந்து ஊர் ஊராக வாசித்தார். அவர் போட்ட சினிமாப் பாட்டுகளும் பிரபலம். போலந்து முழுக்கக் குரல் தெரியாவிட்டாலும் பெயர் தெரியும். இந்த ‘பெயர் தெரியும்’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஷ்பில்மன் என்ற பெயரே ஜெர்மன் மொழியில் ‘வாத்தியக்காரன்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

1939-ல் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிலையத்தில் குண்டு விழுந்ததா?

படத்தில் அப்படித்தான் வரும். நடந்தது கொஞ்சம் வேறு. 1939 செப்டம்பர் 23. நகரம் இரண்டு வாரத்துக்கும் மேலாக முற்றுகையில் இருக்கிறது. ஷ்பில்மன் நிலையத்துக்குப் போய், போலந்து இசையமைப்பாளர் ஷோப்பனின் இசையை வாசித்தார். வெளியே விழுந்த குண்டுகளின் சத்தத்தில் தான் வாசிப்பதே தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பின்னாளில் எழுதினார். ஆனால் கச்சேரியை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அதே நாளில் சற்று நேரம் கழித்து ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோவின் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மின்நிலையம் குண்டுவீச்சில் போய், வானொலி நின்றது. பாதியில் அறுந்தது ராக்மானினோவ். ஷோப்பன் முழுதாக முடிந்துவிட்டார்.

நிலையம் மூடுவதற்கு முன் அங்கிருந்து ஒலிபரப்பான கடைசி நேரடி இசை ஷ்பில்மன் வாசித்ததுதான். அதில் இருந்த ஒரு துண்டு, சி-ஷார்ப் மைனரில் அமைந்த நாக்டர்ன் (இரவின் மனநிலையில் அமைந்த சிறு பியானோ இசை), ஐந்து வருஷம் கழித்து மறுபடியும் வரும்.

ஜெர்மானியர் வந்ததும் என்ன மாறியது?

முதலில் சின்னச் சின்ன உத்தரவுகள். யூதக் குடும்பம் கையில் வைத்திருக்கும் பணத்துக்கு வரம்பு. வெள்ளைத் துணியில் நீல நட்சத்திரம் போட்ட கைப்பட்டை கட்டாமல் தெருவில் இறங்கக் கூடாது. ரேடியோப் பெட்டிகளை ஒப்படைக்க வேண்டும்.

இசைக்கும் உத்தரவு வந்தது. போலந்துக்காரர்களின் பெருமையே ஷோப்பன். அவரை மேடையில் வாசிக்கத் தடை. 1940 மே மாதம் பூங்காவில் இருந்த ஷோப்பன் சிலையைத் தகர்த்துப் பழைய உலோகமாக்கினார்கள். போலந்து வானொலி இல்லை, கச்சேரி அரங்குகள் இல்லை. யூதரல்லாத போலந்து இசைக்கலைஞர்களும் பிழைப்புக்குக் காபிக் கடைகளில்தான் வாசித்தார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விட்டோல்ட் லுட்டோஸ்வாவ்ஸ்கியும் ஆந்த்ரே பனுஃப்னிக்கும் அப்படிக் கடை கடையாக இரட்டைப் பியானோ வாசித்தவர்கள்தான்.

கெட்டோ என்பது என்ன? சிறையா?

நகரத்தின் ஒரு பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, யூதர்களை மட்டும் உள்ளே அடைத்த இடம். வார்சா கெட்டோவை 1940 நவம்பர் 16-ல் மூடினார்கள். ஏறக்குறைய மூன்றரை சதுர கிலோமீட்டருக்குள் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர். ஓர் அறைக்குச் சராசரியாக ஏழு பேருக்கு மேல். யூதருக்கான ரேஷன் நாளொன்றுக்கு 200 கலோரிகூடத் தேறாது. இரண்டு இட்லி, கொஞ்சம் சட்னி என்று வைத்துக்கொள்ளுங்கள், முழு நாளைக்கும் அவ்வளவுதான். கள்ளக்கடத்தல் இல்லாவிட்டால் எல்லோரும் சில மாதங்களில் செத்திருப்பார்கள். சுவரின் அடியில் இருந்த ஓட்டைகள் வழியாக ஊர்ந்து போய் உணவு கொண்டுவந்தவர்களில் பலர் குழந்தைகள். அப்படியும் 1942 கோடைக்குள் பட்டினியிலும் டைபஸ் காய்ச்சலிலும் 80,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கெட்டோ பெரியது, சிறியது என்று இரண்டு துண்டு. நடுவில் ஹ்வோத்னா தெரு. அது யூதரல்லாதவர்களின் போக்குவரத்துக்கு. மேலே மரப்பாலம் கட்டும்வரை, யூதர்கள் அந்தத் தெருவைக் கடக்க வாயிலில் காத்து நிற்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் காவலர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால், தெருவில் வாசித்துப் பிச்சை எடுக்கும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார்கள். கூட்டத்தில் குள்ளமானவரையும் நெட்டையானவரையும் ஜோடி சேர்த்து ஆடவிடுவார்கள். ஷ்பில்மன் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அவ்வளவு பட்டினியில் காபிக் கடையும் பியானோவுமா? நம்ப முடியவில்லையே.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் சுவருக்குள் அடைபட்ட ஊரும் ஊர்தானே. கடத்தலில் சம்பாதித்தவன் இருந்தான், கொண்டுவந்த நகையை விற்றுத் தின்றவன் இருந்தான், ஒன்றும் இல்லாமல் நடைபாதையில் விழுந்தவன் இருந்தான். முதல் வகைக்குக் காபிக் கடைகள் இருந்தன.

ஷ்பில்மன் முதலில் வாசித்தது நோவோலிப்கி தெருவில் ‘நோவோசெஸ்னா’ என்ற கடையில். ‘நவீனம்’ என்று பொருள். வந்தவர்களெல்லாம் கள்ளச்சந்தைப் பெரும்புள்ளிகள். ஒருநாள் அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது சர்வர் வந்து, அந்த மேசைக்காரர் வாசிப்பைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்கிறார் என்றார். பார்த்தால், இரண்டு பேர் 20 டாலர் தங்க நாணயங்களை ஒவ்வொன்றாகப் பளிங்கு மேசைமேல் போட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல தங்கம் எழுப்பும் ஓசை வேறு, போலியின் ஓசை வேறு. பியானோ அதற்கு இடைஞ்சல். அவர் நிறுத்தினார். சோதனை முடிந்து அந்த ஆள் சைகை காட்டியதும் மறுபடி தொடங்கினார்.

சுருதி சுத்தமாகக் காதில் விழ வேண்டும் என்று ஒரு வித்வானை நிறுத்தச் சொன்ன ரசிகர்! எழுதும்போது ஷ்பில்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

பிறகு அங்கிருந்து சியென்னா தெருவில் எழுத்தாளர்கள், வக்கீல்கள், டாக்டர்கள் வரும் கடைக்கு மாறினார். அதன்பின் லெஷ்னோ தெருவில் ‘ஷ்டூக்கா’. கெட்டோவிலேயே பெரிய கடை அது. ஆந்த்ரே கோல்ட்ஃபெடர் என்ற பியானோ கலைஞரோடு சேர்ந்து இரட்டைப் பியானோ. அந்தச் சம்பாத்தியத்தில்தான் அப்பா, அம்மா, தம்பி, இரண்டு சகோதரிகள், அவர் என்று ஆறு பேரின் சாப்பாடு ஓடியது. வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும்போது, நடைபாதையில் காகிதத்தால் மூடிக் கிடந்த பிணங்களில் தடுக்கிவிடாமல் டார்ச் அடித்து நடக்க வேண்டியிருந்தது.

குடும்பத்துக்கு என்ன ஆயிற்று?

1942 ஜூலை 22-ல் ‘கிழக்கே குடியேற்றம்’ என்ற பெயரில் ஆட்களை ஏற்றத் தொடங்கினார்கள். செப்டம்பர் 21-க்குள் ஏறக்குறைய 2,65,000 பேரை ரயிலில் ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பினார்கள். ட்ரெப்ளிங்காவில் குடியேற்றம் ஏதும் இல்லை. வாயு அறைகள் இருந்தன.

ஷ்பில்மன் குடும்பத்தின் முறை ஆகஸ்ட் 16. ரயிலடியில் உம்ஷ்லாக்பிளாட்ஸ் என்ற திடல். சரக்கு ஏற்றி இறக்கும் இடம் என்று அர்த்தம். தம்பி ஹென்ரிக்கையும் தங்கை ஹலினாவையும் வேலைக்கு ஆகும் என்று முன்பே தனியே பிரித்திருந்தார்கள். அவர்கள் கெட்டோவிலேயே இருந்திருக்கலாம். வீட்டார் திடலில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும், இருவரும் தாங்களாகவே அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். ஹென்ரிக் கையில் ஷேக்ஸ்பியர் புத்தகம்.

ஆகஸ்ட் வெயில். குடிக்கத் தண்ணீர் இல்லை. கூட்டத்துக்குள் ஒரு பையன் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தட்டில் மிட்டாய் விற்றுக்கொண்டு வந்தான். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்று யாருக்குத் தெரியும்? கையில் மிச்சமிருந்த சில்லறையையெல்லாம் திரட்டி ஒரே ஒரு க்ரீம் மிட்டாய் வாங்கினார்கள். விலை 20 ஸ்லோட்டி. அப்பா பேனாக்கத்தியால் அதை ஆறாக வெட்டினார். ஆளுக்கொரு துண்டு. அந்தக் குடும்பம் கூடிச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அதுதான்.

ரயில் பெட்டிகளை நோக்கித் தள்ளும்போது, வரிசையாக நின்ற யூதப் போலீஸாரில் ஒருவர் “இதோ பார், ஷ்பில்மன்!” என்று கத்தி, சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். இவர் மறுபடி உள்ளே நுழையப் பார்த்தார். தோளும் தோளும் சேர்ந்த போலீஸ் சுவர் விடவில்லை. “அப்பா!” என்று கத்தினார். அப்பா திரும்பிப் பார்த்தார், ஒரு அடி இவர் பக்கம் எடுத்துவைத்தார், பிறகு நின்று, புன்னகைத்து, கையசைத்துவிட்டுப் பெட்டியை நோக்கித் திரும்பிவிட்டார்.

ஐந்து பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

யூதர்களை ரயிலேற்றியது யூதப் போலீஸா?

ஆம், ஜெர்மானியர் மேற்பார்வையில். கெட்டோவுக்குள் ஒழுங்குக்காவல் என்ற பெயரில் ஒரு படை இருந்தது. நாளொன்றுக்கு இத்தனை பேரைக் கொண்டுவராவிட்டால் அவர்கள் குடும்பமே ரயிலேறும் என்ற மிரட்டல். கடைசியில் அவர்களில் பெரும்பாலானோரையும் ஏற்றினார்கள். ஷ்பில்மன் அவர்களை மன்னித்து எழுதவில்லை, தன்னை இழுத்துப்போட்டதும் அதே கைகள்தான் என்பதை மறைக்கவும் இல்லை.

கெட்டோவிலிருந்து எப்படி வெளியே வந்தார்? யார் அடைக்கலம் கொடுத்தது?

எஞ்சியிருந்தவர்களை ஜெர்மானியர் கூலி வேலையில் போட்டார்கள். ஷ்பில்மன் சுவர் இடித்தார், செங்கல் சுமந்தார். விரல்தான் சொத்து என்று வாழ்ந்த மனிதர். வெளி வேலைக்குப் போய்வரும் குழுக்கள் உணவு மூட்டைகளுக்குள் துப்பாக்கிக் குண்டுகளை ஒளித்து உள்ளே கொண்டுவந்தன. அதில் இவருக்கும் பங்கு உண்டு. 1943 ஏப்ரல் 19-ல் வெடித்த கெட்டோ எழுச்சிக்குச் சேர்ந்த ஆயுதங்கள் இப்படித்தான் துளித்துளியாக வந்தன.

எழுச்சிக்கு இரண்டு மாதம் முன்பே, 1943 பிப்ரவரி 13 மாலை, இவர் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு வெளியேறினார். சொன்ன இடத்தில் நடிகரும் பாடகருமான ஆந்த்ரே போகுட்ஸ்கி காத்திருந்தார். இவரைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் திரும்பி நடக்கத் தொடங்கினார். இவர் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனார்.

போகுட்ஸ்கியும் அவர் மனைவி, பாடகி யானினா கோட்லெவ்ஸ்காவும் முதல் புகலிடம். பிறகு இசை நடத்துநர் செஸ்வாவ் லெவிட்ஸ்கியின் அறை. பின்னணியில் இருந்தவர்கள்: வானொலியின் இசைப்பிரிவுத் தலைவராக இருந்த எட்மண்ட் ருட்னிட்ஸ்கி, வயலின் கலைஞர் யூஜெனியா உமின்ஸ்கா, இசையமைப்பாளர் பியோத்ர் பெர்கோவ்ஸ்கி, மேலே சொன்ன லுட்டோஸ்வாவ்ஸ்கி. பட்டியலைப் பாருங்கள், அத்தனை பேரும் வானொலி அல்லது மேடை சம்பந்தப்பட்டவர்கள். நிலையம் மூடி மூன்றரை வருஷம் ஆன பிறகும் அந்தச் சகாக்கள் வட்டம் கலையவில்லை.

இதில் இருந்த ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஆக்கிரமித்த போலந்தில் யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. 1941 அக்டோபரிலேயே உத்தரவு போட்டுவிட்டார்கள். ஒரு துண்டு ரொட்டி கொடுத்ததற்குக் குடும்பத்தோடு சுட்டுக் கொன்றதும் உண்டு.

எல்லோரும் நல்லவர்கள் என்றும் இல்லை. உணவு கொண்டுவரும் பொறுப்பை ஏற்ற ஒருவர், ஷ்பில்மன் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் பணம் வசூலித்துக்கொண்டு, இவரைப் பட்டினி போட்டார். பத்து நாளைக்கு ஒருமுறை, சில சமயம் அதுவும் இல்லை. மஞ்சள்காமாலையும் சேர்ந்துகொண்டது. வசூல் நன்றாக நடந்தது என்பதே, அந்தப் பெயருக்கு மக்கள் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

ஒளிந்திருந்தபோது பியானோ வாசித்தாரா?

வாய்ப்பே இல்லை. பக்கத்து வீட்டுக்கு இருமல் சத்தம் கேட்டாலே முடிந்தது. 1943 ஆகஸ்டிலிருந்து அவர் இருந்தது நியெபொட்லெக்வோஷ்சி அவென்யூவில், வெளியே பூட்டுத் தொங்கும் ஒரு வீடு. தெருவின் பெயருக்கு ‘சுதந்திரம்’ என்று அர்த்தம். இந்த மாதிரி விஷயத்தை ஒரு நாவலாசிரியர் எழுதினால் மிகையாக இருக்கிறது என்று வெட்டச் சொல்வோம்.

படத்தில் விரல்களைக் காற்றில் ஓட்டுவார். புத்தகத்தில் சொல்வது வேறு, எனக்கு அதுதான் பிடிக்கும். புத்தி பேதலித்துவிடாமல் இருக்க நாளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டார். கையிருப்பு ஒரு கைக்கடிகாரமும் ஒரு மைப்பேனாவும். கடிகாரத்துக்குத் தவறாமல் சாவி கொடுப்பார், அதை வைத்தே கால அட்டவணை. படுத்துக்கொண்டே, தான் வாசித்த ஒவ்வொரு உருப்படியையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மனதுக்குள் ஓட்டுவார். பிறகு படித்த புத்தகங்களை வரி வரியாக நினைவுக்குக் கொண்டுவருவார். அப்புறம் ஆங்கிலப் பாடம்: தானே கேள்வி கேட்டு, தானே பிழையில்லாமல் பதில் சொல்வார்.

1944-ல் நகரமே எரிந்தபோது?

ஆகஸ்ட் 1-ல் போலந்துத் தலைமறைவுப் படை எழுந்தது. 63 நாள் சண்டை. தோற்றபின் ஜெர்மானியர் எஞ்சிய மக்களை மொத்தமாக வெளியேற்றிவிட்டு, வீதி வீதியாக வீடுகளைக் கொளுத்தினார்கள், வெடி வைத்தார்கள்.

ஷ்பில்மன் இருந்த கட்டடத்துக்கு ஆகஸ்டிலேயே தீ வைத்துவிட்டார்கள். உயிரோடு பிடிபடக் கூடாது என்று தூக்க மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்தவர், மறுநாள் கண் விழித்தார். எரிந்தும் இடிந்துவிடாமல் நின்ற அந்தக் கட்டடமே பிறகு பாதுகாப்பாகிவிட்டது. எரிந்த வீட்டை யார் தேடுவார்கள்? குளியல் தொட்டிகளில் கிடந்த அழுக்குத் தண்ணீரையும், தீயில் கருகிய ரொட்டித் துண்டுகளையும் வைத்துக் காலம் தள்ளினார். ஆள் இல்லாத நகரத்தில் இப்படி ஒளிந்திருந்தவர்களை ‘வார்சாவின் ராபின்சன்கள்’ என்பார்கள், ராபின்சன் குரூசோவை நினைத்து.

அந்த ஜெர்மன் அதிகாரி முன்னால் என்ன வாசித்தார்?

படத்தில் கேட்பது ஷோப்பனின் ஜி மைனர் பலாட். நீளமானது, இடி மின்னலெல்லாம் உள்ளது, திரைக்குப் பொருத்தமானது. உண்மையில் அவர் வாசித்தது அந்த சி-ஷார்ப் மைனர் நாக்டர்ன், வானொலியில் கடைசியாக வாசித்த அதே துண்டு. நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

1944 நவம்பர் நடுவில் நடந்தது. அதே அவென்யூவில் 223-ம் எண் கட்டடத்தின் சமையலறையில் உணவு தேடிக்கொண்டிருந்தார். அலமாரியில் டப்பாக்களையும் பைகளையும் அவிழ்த்துப் பார்க்கும் மும்முரத்தில், பின்னால் ஒருவர் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதைக் கவனிக்கவில்லை. குரல் கேட்டுத் திரும்பியவர், இனி ஓட முடியாது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளுங்கள், நான் இங்கிருந்து நகரப்போவதில்லை என்றார். உங்களை எதுவும் செய்யும் எண்ணமில்லை, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார் அதிகாரி. பியானோ கலைஞர் என்றதும் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்.

ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. பல மாத ஈரத்தில் பியானோவின் மரம் உப்பிப்போய், கட்டைகள் அழுத்தினால் எதிர்த்தன. இரண்டரை வருஷமாக வாசிக்காத விரல்கள் விறைத்திருந்தன, அழுக்கு அப்பியிருந்தது, தீப்பிடித்த நாளிலிருந்து வெட்டாத நகங்கள். இந்த நிலையில் ‘அற்புதமாக’ வாசித்திருக்க முடியுமா? ஓசை வெற்றுக் கட்டடங்களில் மோதி எதிரொலித்தது என்றுதான் அவரே எழுதுகிறார், தன் வாசிப்பைப் புகழவில்லை.

அதிகாரி வில்ம் ஹோசன்ஃபெல்ட். ஒளிந்திருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, கூரைக்கு அடியில் ஷ்பில்மனே கவனிக்காத ஒரு பலகைப் பரணைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ரொட்டி, ஜாம், பிறகு ஒரு ராணுவக் கோட்டு. ரொட்டியைச் சுற்றிவந்த செய்தித்தாள்களிலிருந்து போர் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். அதே கட்டடத்தில் கீழே ஜெர்மன் படைத் தலைமையகம் இயங்கிக்கொண்டிருந்தது! டிசம்பர் 12-ல் கடைசியாகப் பார்த்தபோது, அதிகாரியின் பெயரை ஷ்பில்மன் கேட்கவில்லை. பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டால் உளறிவிடக் கூடாதே. தன் பெயரை மட்டும் சொன்னார்: “ஷ்பில்மன், போலந்து வானொலி.”

1945 ஜனவரி 17-ல் சோவியத் படையோடு போலந்து வீரர்கள் வந்தபோது, அந்த ஜெர்மன் கோட்டாலேயே உயிர் போயிருக்கும். சுட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போலந்துக்காரன் என்று கத்திக்கொண்டே கீழே இறங்கினார்.

அப்படியானால் இசைதானே அவரைக் காப்பாற்றியது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். என் பதில்: பாதி சரி.

இசை காப்பாற்றும் என்றால், கெட்டோவின் சிம்பொனி இசைக்குழுவில் ஏறக்குறைய 80 பேர் இருந்தார்களே? நடத்துநர்களில் மரியன் நோய்டைஷையும் சைமன் புல்மனையும் கொன்றார்கள். போருக்கு முன் வார்சாவே ஆடிய டாங்கோக்களைப் போட்ட ஆர்தர் கோல்டை ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோய், அங்கே காவலர்களுக்கு வாசிக்க ஒரு குழு அமைக்கச் சொன்னார்கள். வாசித்தார். பிறகு கொன்றார்கள். ‘ஷ்டூக்கா’வில் வாசித்ததைக் கேட்டு ரசித்த கூட்டமும் அதே ரயிலில்தான் போனது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் பெண்கள் இசைக்குழுவில் செல்லோ வாசித்த அனிதா லாஸ்கர் பிழைத்தார், உண்மை. முகாமுக்கு அப்போது ஒரு செல்லோ ஆள் தேவைப்பட்டது.

ஷ்பில்மன் விஷயத்தில், அவரை நிறுத்திய கைகள் எல்லாம் அவரைத் தெரிந்த கைகள். ரயிலடியில் கத்தியவர் பெயர் சொல்லிக் கத்தினார். வீடு கொடுத்தவர்கள் வானொலிக் காலத்துச் சகாக்கள். காப்பாற்றியது நாக்டர்ன் அல்ல, நிலைய வித்வான் என்ற தெரிந்த முகம். பக்கத்து வரிசையில் நின்ற தையல்காரரின் பெயரைச் சொல்லிக் கத்த அங்கே ஆள் இல்லை. தன் ஹலினாவும் ஹென்ரிக்கும் அந்த வரிசையிலேயே போனார்கள் என்பதை ஷ்பில்மனும் கடைசிவரை சுமந்தார்.

ஹோசன்ஃபெல்ட் விஷயமும் அப்படியே. வாசிப்பைக் கேட்டு அவர் மனம் மாறவில்லை. அதற்கு முன்பே மாறியிருந்தது.

ஹோசன்ஃபெல்ட் நல்லவரா? நாஜி கட்சிக்காரர்தானே?

கட்சியில் சேர்ந்தவர்தான், 1935-ல். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர், தீவிரக் கத்தோலிக்கர். போலந்துக்கு வந்து கண்ணால் பார்க்கப் பார்க்க நாட்குறிப்பில் வெட்கத்தையும் கோபத்தையும் கொட்டினார், அதை ராணுவத் தபாலிலேயே வீட்டுக்கு அனுப்பினார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். வார்சாவில் ராணுவ விளையாட்டுப் பிரிவின் பொறுப்பு அவரிடம். ட்ரெப்ளிங்கா ரயிலிலிருந்து குதித்துத் தப்பிய லியோன் வார்ம் என்ற யூதருக்குப் போலிப் பெயரில் அங்கே வேலை கொடுத்தார். தேடப்பட்ட ஒரு பாதிரியாரையும் அப்படியே வைத்துக்கொண்டார். வார்ம் பியானோ வாசிக்கவில்லை.

1945 ஜனவரியில் ஹோசன்ஃபெல்ட் சோவியத் படையிடம் பிடிபட்டார். கைதிகள் முகாம் வேலிக்கு அருகே போன வயலின் கலைஞர் லெட்னிட்ஸ்கியிடம், “வானொலி ஷ்பில்மனைத் தெரியுமா?” என்று ஒரு கைதி கேட்டார். தெரியும் என்றார். ஷ்பில்மனைக் காப்பாற்றியவன் நான், அவரிடம் சொல்லுங்கள் என்று கைதி பேசிக்கொண்டிருக்கும்போதே காவலாளி விரட்டிவிட்டார். பெயர் சரியாகக் காதில் விழவில்லை. ஷ்பில்மன் தேடிப் போனபோது அங்கே முகாமே இல்லை.

பெயர் தெரிந்ததே 1950 வாக்கில், லியோன் வார்ம் மூலமாக. ஷ்பில்மன் போலந்தின் ரகசியப் போலீஸுக்குப் பொறுப்பாக இருந்த யாகுப் பெர்மனிடம் போய்க் கெஞ்சினார். ஆள் நம்மிடம் இருந்தால் விட்டுவிடலாம், சோவியத்காரர்கள் விடமாட்டார்கள் என்று பதில். 25 வருஷத் தண்டனை. 1952 ஆகஸ்ட் 13-ல் ஸ்டாலின்கிராடில், சிறையிலேயே இறந்தார். யூதர்களைக் காத்த பிற இனத்தவருக்கு இஸ்ரேலின் யாத் வஷேம் தரும் கௌரவம் அவருக்கு 2008-ல்தான் கிடைத்தது. போர்க்குற்றம் எதிலும் சம்பந்தப்படவில்லை என்று உறுதிசெய்ய அவ்வளவு காலம் பிடித்தது. 1944 எழுச்சியின்போது கைதிகளை விசாரிக்கும் வேலையும் அவருக்கு இருந்தது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

புத்தகம் ஏன் அரை நூற்றாண்டு காணாமல் போனது?

1946-லேயே ‘ஒரு நகரத்தின் மரணம்’ என்ற பெயரில் போலிஷ் மொழியில் வந்தது. அந்தப் பதிப்பில் அதிகாரியை ஆஸ்திரியராக மாற்றினார்கள். நல்ல ஜெர்மானியர் என்று ஒருவரை அப்போது போலந்தில் அச்சிட முடியாது. பிறகு மறுபதிப்பே இல்லை. 1998-ல் ஜெர்மன் மொழியில், ஹோசன்ஃபெல்டின் நாட்குறிப்புப் பகுதிகளோடு வந்த பிறகுதான் உலகம் படித்தது. வீட்டில்கூட ஷ்பில்மன் இதைப் பற்றிப் பேசியதில்லை. தனக்கு ஏன் அப்பா வழித் தாத்தா பாட்டி இல்லை என்பது மகன் ஆந்த்ரேவுக்குத் தெரிந்தது 12 வயதில், புத்தக அலமாரியில் இந்தப் புத்தகம் தற்செயலாகக் கையில் கிடைத்தபோது.

போருக்குப் பிறகு?

அதே வானொலியில் 1963 வரை இசைப்பிரிவு இயக்குநர். ஏறக்குறைய 500 பாடல்கள். போலந்துத் திரையரங்குகளில் படத்துக்கு முன் ஓடிய நியூஸ் ரீலின் தொடக்க இசை அவருடையது. ‘சிவப்புப் பேருந்து’ என்று வார்சாவைக் கட்டியெழுப்பிய காலத்தின் ஒரு துள்ளல் பாட்டும் உண்டு. கிம்பெலோடு சேர்ந்து வார்சா பியானோ குவின்டெட்டைத் தொடங்கி உலகம் சுற்றினார். 2000 ஜூலை 6-ல், 88 வயதில், வார்சாவில் இறந்தார். படத்தைப் பார்க்கவில்லை.

அவர் வாசித்ததை இப்போது கேட்க முடியுமா?

முடியும். படத்தில் ஓடுவது பெரும்பாலும் யானுஷ் ஒலெய்னிசாக்கின் வாசிப்பு, திரையில் தெரியும் கைகளும் அவருடையவை. ஆனால் படத்தின் இசைத்தொகுப்பில் ஷ்பில்மனே 1948-ல் பதிவுசெய்த ஏ மைனர் மசூர்க்கா ஒன்று இருக்கிறது. அந்த நாக்டர்னை அவர் முதிய வயதில் வாசிக்கும் வீடியோவும் யூடியூபில் கிடைக்கிறது. வார்சாவுக்குப் போகிறவர்கள் நியெபொட்லெக்வோஷ்சி அவென்யூ 223-ம் எண் சுவரில் 2011-ல் பதித்த பலகையைப் பார்க்கலாம். ஷ்பில்மன், ஹோசன்ஃபெல்ட் இருவர் பெயரும் அதில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே ஸ்டாவ்கி தெருவில், ரயிலேற்றிய அந்தத் திடல் இருந்த இடத்தில், வெள்ளைச் சுவர் ஒன்றில் நானூற்றுச் சொச்சம் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் கிடையாது, கூப்பிடும் பெயர் மட்டும்.

அம்மாவின் கேள்விக்கு: டப்பாவைத் திறந்தார், அம்மா. அதிகாரியே திறப்பான் கொண்டுவந்து கொடுப்பார், நீங்கள் அப்போது அடுப்பை அணைக்கப் போயிருந்தீர்கள்.